போடாத புள்ளடி

தவமலர் அக்காவைத் தேடியோ வந்தனீங்கள்? அவ இல்லை. வேலையாலை வர நாலரை ஆகும். பரவாயில்லை, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தை அதிலை கழட்டி விடுங்கோ. முந்தநாள் ரெலிபோனிலை கதைச்ச நிமலன் நீங்கள்தானே? மீன்பிடி லைசென்சுக்குச் சோதினை எழுதவேணும், அக்கா தமிழிலை சொல்லித் தாறாவாம் எண்டு கேள்விப்பட்டனான் எண்டு சொன்னியளெல்லோ. ரெலிபோனை எடுத்தது நான்தான். எடுத்த உடனை "அக்கா நிக்கிறாவோ" எண்டு கேட்டியள். சரி. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கினம். ஒருத்தன் எண்டாலும் "அண்ணை, நீங்கள் கடற்கரையிலை பிறந்த ஆள், நீங்கள் சொல்லித் தாங்கோவன்" எண்டு கேட்டதில்லை. இண்டு வரைக்கும் இல்லை.

அந்தக் கதிரையிலை இருக்காதையுங்கோ, அதிலை அவவின்ரை புத்தகங்கள் கிடக்கு. ஒழுங்கு மாத்தினா எனக்குத்தான் பேச்சு. இதிலை இருங்கோ. தேத்தண்ணி போடுறன். சீனி எத்தினை?

அவ வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. அதுக்குள்ளை நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கேட்டிட்டு ஞாயத்தைச் சொல்லுங்கோ. இஞ்சை ஆறு பேர் அவவிட்டைப் படிச்சுப் பாஸ் பண்ணிப் போட்டினம். ஆறு பேரும் சொக்கலேற் பெட்டியோடை வந்து "அக்காவாலைதான்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. நான் கதவைத் திறந்து விட்டனான், கதவைப் பூட்டினனான். அவ்வளவுதான்.

என்ரை பேர் மரியநாயகம். வடமராட்சிக் கடற்கரை. தேப்பன், பாட்டன், மாமன்மார், ஆரைக் கேட்டாலும் கடல். தவம் அப்பிடியில்லை. அவ கடல் இல்லாத உள்நாட்டுப் பக்கம், சைவக் குடும்பம். என்னைக் கலியாணம் முடிக்கு மட்டும் மீனைக் கையாலை தொட்டவ இல்லை. நாங்கள் இஞ்சை ஜேர்மனிக்கு வந்தாப் பிறகுதான் சந்திச்சுக் கட்டினது. முதல் முதல் நான் மீன் வாங்கிக்கொண்டு வந்த அண்டு யன்னல் எல்லாத்தையும் திறந்து வைச்சுக்கொண்டு பல்கனியிலை போய் நிண்டவ, தை மாதக் குளிருக்கை. அந்த மனிசியைத்தான் இப்ப நீங்கள் மீன்பிடி படிக்கத் தேடி வந்திருக்கிறியள். நல்லாயிருக்கோ?

நான் இருவத்தெட்டு வருசம் பாண் பக்டரியிலை நிண்டனான். மாச்சாக்குத் தூக்கித் தூக்கி முதுகு போச்சுது. டொக்டர் சொன்னார், இனி வேலைக்குப் போகவேண்டாம், எண்டாலும் வீட்டுக்குள்ளை அடைஞ்சு கிடந்தால் மூளை பழுதாப்போகும், வெளியிலை போய் நில்லுங்கோ எண்டு. வெளியிலை என்ன இருக்கு இந்த ஊரிலை? பஸ் நிலையம் இருக்கு, கப்பல் போற பெரிய வாய்க்கால் இருக்கு. பஸ் நிலையத்திலை போய் நிக்கேலுமோ? ஒரு கைத்தூண்டிலைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனன். கோல் இல்லை, சில்லு இல்லை, ஒண்டுமில்லை. ஒரு நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு முள். பாண் துண்டுதான் இரை. நாலு மாதம் போனன். நித்திரை வந்துது. தவமே சொன்னவ, "உங்கடை முகத்திலை கொஞ்சம் வெளிச்சம் தெரியுது" எண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு நேரே போய் இருந்திட்டன். பச்சைச் சட்டை போட்ட ரண்டு பேர் சைக்கிளிலை வந்தவங்கள். ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு லைசென்ஸ் இருக்கோ எண்டு கேட்டான். "மீன் பிடிக்க என்னத்துக்கு லைசென்ஸ்?" எண்டன். அவன் சிரிக்கிறதை நிப்பாட்டினான். என்ரை வாளியை எட்டிப் பாத்தான். அதுக்குள்ளை ரண்டு மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடக்குது. தண்ணி விடேல்லை, வெறும் வாளி. அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, பிள்ளையளைக் களவெடுத்தவனைப் பாக்கிற பார்வை.

ஒரு மாதத்தாலை நீதிமன்றக் கடிதம் வந்துது. கள்ளனுக்கு வாற மாதிரி. தண்டம் கட்டினன். இனி ஒருக்கால் பிடிபட்டால் பெரிய வில்லங்கம் எண்டும் எழுதியிருந்தவங்கள். தூண்டில் போட ஆசையெண்டால் சோதினை எழுதிப் பாஸ் பண்ணவேணுமாம். அறுவது கேள்வி. ஆறு பாடம், ஒரு பாடத்துக்குப் பத்துக் கேள்வி. மொத்தத்திலை நாப்பத்தஞ்சு சரியா வரவேணும், ஒவ்வொரு பாடத்திலையும் ஆறாவது வரவேணும். அது போதாதெண்டு மீன் படம் காட்டிப் பேர் கேப்பினமாம், கோல் பூட்டிக் காட்டவேணுமாம்.

கார் ஓடச் சோதினை வைக்கிறியள், ஞாயம். கார் ஆளைக் கொல்லும். தூண்டில் ஆரைக் கொல்லும்? நான் இதைச் சொல்லிக் கத்தேக்கை தவம் குசினிக்குள்ளை நிண்டு சொன்னா, "மீனை" எண்டு. பாத்தியளோ? அப்பவே அவவுக்கு வாய்.

எனக்கு டொச்சுப் பாசை காதுக்கு விளங்கும், எழுத்திலை கண்டால் தலை சுத்தும். தவம் முதியோர் இல்லத்திலை சமையல் வேலை. அந்தக் கிழவியளோடை கதைச்சுக் கதைச்சு, அவைக்குப் பேப்பர் வாசிச்சு வாசிச்சு, நல்லா எழுத வாசிக்கப் பழகிப்போட்டா. அவதான் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தா. மாரி காலம் முழுக்க வேலையாலை வந்து, குளிச்சிட்டு, இந்த மேசையிலை இருந்து கேள்வியை டொச்சிலை வாசிச்சுத் தமிழிலை சொல்லுவா. நான் மறுமொழி சொல்லுவன். அவ பின்பக்கத்தைத் திருப்பிச் சரியோ எண்டு பாப்பா.

சும்மா சொல்லக்கூடாது, நான் பிழைவிட்ட கேள்வி குறைவு. குளத்துத் தண்ணியிலை எந்த நேரம் ஒட்சிசன் குறையும் எண்டு ஒரு கேள்வி. விடியப்புறம் எண்டன். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா. விடியப்புறம்தானே மீன் மேலை வந்து வாயைப் பிளக்கும், கண்டிருக்கிறன் எண்டன். அவ அதை ஒரு கொப்பியிலை எழுதி வைச்சா. இப்ப உங்களுக்கெல்லாம் அந்தக் கொப்பியிலை இருந்துதான் சொல்லித் தரப்போறா. அதிலை பாதி என்ரை வாயாலை வந்தது. ஆரும் சொல்லுவினமோ?

அப்பிடிப் போய்க்கொண்டிருக்கேக்கை அந்தப் பாடம் வந்துது. சட்டமும், பிராணியளை வதைக்காமல் இருக்கிறதும். பிடிச்ச மீனை எப்பிடிக் கொல்லவேணும் எண்டு கேள்வி. மூண்டு பெட்டி, ஒண்டிலை புள்ளடி போடவேணும், வோட்டுப் போடுறது போலை. நான் சிரிச்சன். "மீனை ஆரப்பா கொல்லுறது? அது தன்ரை பாட்டிலை சாகும்" எண்டன். தவம் சிரிக்கேல்லை. வாசிச்சா.

"மீனுக்கும் நோகுமாம். தேவையில்லாமல் நோகப்பண்ணிறது குற்றமாம். தலையிலை ஓங்கி அடிச்சு மயக்கவேணும். அறிவு போனாப் பிறகுதான் நெஞ்சிலை குத்தவேணும். கிடந்து துடிக்க விடக்கூடாது. ரண்டாவது பெட்டி. போடுங்கோ."

"போடமாட்டன்."

"என்னப்பா, மறுமொழி அதுதானே."

"அதுதான் மறுமொழி. எனக்குத் தெரியும். போடமாட்டன்."

அவ தாளைத் திருப்பினா. பிறகு அடுத்த கேள்விக்குப் போனா. அதுவும் அந்த மாதிரித்தான். அந்தப் பாடத்திலை அப்பிடி ஐஞ்சாறு கேள்வி வரும், சுத்திச் சுத்தி அதே. நான் ஒண்டுக்கும் போடேல்லை.

மாசியிலை முதல் சோதினை. நகரசபை மண்டபம். முப்பது பேர், நான் ஒருத்தன்தான் கறுப்பு. மீன் சங்கத்திலை இருந்து பிறிங்மன் எண்டு ஒருத்தர் வந்திருந்தவர், வெள்ளைத் தாடி, பிழை சொல்லேலாத மனிசன். மீன் படம் ஆறு காட்டினார், ஆறும் சொன்னன். நாலு சொன்னாலே காணும். விலாங்குப் படத்தைக் காட்டேக்கை எனக்கு டொச் பேர் வரேல்லை, வாயிலை "விலாங்கு, விலாங்கு" எண்டே வருது. அவர் பொறுத்திருந்தவர். பிறகு வந்துது. கோலைப் பூட்டிக் காட்டினன். முடிச்சுப் போட்டதைக் கண்டிட்டுப் பக்கத்திலை நிண்டவனைக் கூப்பிட்டு, "இதைப் பார், இப்பிடித்தான் போடவேணும்" எண்டு காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிந்திட்டுது.

எழுத்திலை மொத்தம் ஐம்பத்தொண்டு. அந்தப் பாடத்திலை ஐஞ்சு. பெயில்.

பிறிங்மன் என்னை ஒதுக்கமாக் கூப்பிட்டார். "ஹெர் மரியநாயகம், நீங்கள் பிழையாப் போடேல்லை. ஐஞ்சு கேள்வியை வெறுமையா விட்டிருக்கிறியள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளடி போட்டிருந்தாலும் பாஸ். ஏன்?" எண்டு கேட்டார். டொச் விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வேறை என்ன சொல்லுறது?

வைகாசியிலை ரண்டாந்தரம். போற அண்டு காலமை தவம் சட்டை மாத்திக்கொண்டு நிக்கிறா. எங்கை எண்டன். "நானும் பேர் குடுத்திருக்கிறன்" எண்டா. "என்னத்துக்கு?" "சும்மா, உங்களுக்குத் துணைக்கு." சோதினைக்கு ஆரும் துணைக்கு வருவினமோ, தம்பி? ஆஸ்பத்திரிக்கு வருவினம். சோதினைக்கு?

அவவுக்கு அறுவதுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு ஐம்பத்திரண்டு. அந்தப் பாடத்திலை அவ பத்து, நான் ஐஞ்சு. அதே ஐஞ்சு.

அவவின்ரை பேரை வாசிக்கேக்கை சனம் கை தட்டினது. பிறிங்மன் கை குடுத்தார். என்ரை பேர் வாசிக்கேல்லை. பஸ்ஸிலை வரேக்கை அவ பத்திரத்தைக் கைப்பையுக்குள்ளை ஒளிச்சு வைச்சுக்கொண்டு வந்தா. ஒளிச்சாப்போலை எனக்குத் தெரியாதே? மூண்டு நாள் நான் கதைக்கேல்லை. நாலாம் நாள் கோயிலடியிலை எங்கடை சனம் அவவைச் சுத்தி நிண்டு, "என்ன அக்கா, இனி அண்ணைக்கு நீங்கள்தான் மீன் பிடிச்சுக் குடுக்கப் போறியள்" எண்டு பகிடி விட்டவை. எல்லாரும் சிரிச்சவை. அவ சிரிக்கேல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் மறுத்தும் சொல்லேல்லை.

ஞாயத்தைச் சொல்லுங்கோ. என்ரை வாயைப் பாத்துப் படிச்சவ. என்ரை வியாதிக்கு எடுத்த மருந்து. அதை அவ குடிச்சிட்டா.

ஆனி மாதம் லைசென்ஸ் எடுத்து, ஆத்துக்கு அனுமதிச் சீட்டும் எடுத்தா. ஒரு சனிக்கிழமை கோல், கதிரை, பை எல்லாம் கட்டி வைச்சிட்டு, "வாங்கோ, போவம்" எண்டா. "நான் வந்து என்ன செய்யிறது? கோலைத் தொட்டால் குற்றம்" எண்டன். "தொடவேண்டாம். எங்கை போடவேணும் எண்டு சொல்லுங்கோ. எனக்குத் தண்ணியைப் பாத்துத் தெரியாது" எண்டா. போனன். பை காவவேணுமெல்லோ. அவவுக்குத் தோள்மூட்டு நோ.

எங்கை போடவேணும் எண்டு நான்தான் காட்டினன். ஒரு மரம் சரிஞ்சு கிடந்த இடம், நீரோட்டம் மெத்தனமாத் திரும்புற இடம். அரை மணித்தியாலம் ஆகேல்லை, இழுத்துது. நல்ல கெண்டை, முழங்கை நீளம். நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டு, "விடு, இப்ப சுத்து, இப்ப விடு" எண்டு சொல்ல அவ கரைக்குக் கொண்டு வந்தா. அந்த நேரம் எனக்குக் கோவமே இல்லை. உண்மையைச் சொல்லுறன், சந்தோசமா இருந்துது.

பிறகு அவ முழங்கால் போட்டு இருந்தா. ஈரத்துணியை விரிச்சு மீனை அதிலை வைச்சா. பைக்குள்ளாலை ஒரு சின்னப் பொல்லு எடுத்தா. ஒரு அடி, கண்ணுக்கு மேலை. மீன் அப்பிடியே ஆறிப்போச்சுது. கத்தியை எடுத்து நெஞ்சிலை குத்தினா. புத்தகத்திலை உள்ளபடி, ஒரு வசனம் பிசகாமல். எல்லாம் ஒரு நிமிசம் வராது. பிறகு அந்த மீனின்ரை தலையிலை உள்ளங்கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா.

நான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு எனக்கே நினைவில்லை. "ஆருக்குப் படம் காட்டுறாய்" எண்டு கேட்டது நினைவிருக்கு. "மீனுக்குச் செத்தவீடு நடத்துறியோ" எண்டும் கேட்டன். அக்கரையிலை நிண்ட டொச்சுக்காரர் திரும்பிப் பாத்தவை. அவ எழும்பி, கையைக் கழுவி, கோலைக் கழட்டிப் பைக்குள்ளை வைச்சா.

அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம். அடுப்பிலை சோறு கிடக்கு. நான் இப்ப நீங்கள் இருக்கிற இதே கதிரை. அவ எனக்கு முன்னாலை வந்து இருந்தா.

"மறுமொழி தெரியும் எண்டு சொல்லுறியள். ரண்டு தரம் வெறுமையா விட்டிட்டு வந்தனீங்கள். நேற்று ஒரு மீனை நான் நோகாமல் கொன்றதுக்குக் கத்தினனீங்கள். அது என்னெண்டு எனக்கு இண்டைக்குச் சொல்லத்தான் வேணும்."

நான் அவவுக்கு அது முந்திச் சொன்னதில்லை. முப்பது வருசமாச் சொன்னதில்லை. என்ரை மூத்த அண்ணை சண்டைக் காலத்திலை வெடி பட்டுச் செத்தவர் எண்டு அவவுக்குத் தெரியும். படம் சுவரிலை தொங்குது, அதுதான். சவிரிமுத்து. வெடி பட்டதெண்டால் அந்த இடத்திலையே முடிஞ்சுது எண்டுதான் தவம் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை.

கடலுக்குப் போகக்கூடாது எண்டு தடை இருந்த காலம். வீட்டிலை அஞ்சு வயிறு. கரையோடை இடுப்பளவு தண்ணியிலை வலை போடப் போனவர், நானும் கூடப் போனனான். ஆர் சுட்டது, எங்கையிருந்து சுட்டது, அதுகள் இப்ப என்னத்துக்கு. வயித்திலை பட்டுது. இழுத்துக்கொண்டு வந்து மணலிலை போட்டன். காலமை ஆறு மணி. ஊரடங்கு. ஆஸ்பத்திரி நாலு மைல், ரோட்டிலை தலை காட்டேலாது. நான் பக்கத்திலை இருந்தன். தண்ணி கேட்டார். வயித்திலை பட்டால் தண்ணி குடுக்கக்கூடாது எண்டு ஆரோ சொன்னது எனக்கு நினைவு. குடுக்கேல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். வெயில் ஏறிச்சுது. பன்னிரண்டரைக்கு முடிஞ்சுது.

ஆறரை மணித்தியாலம், தம்பி.

ஒரு சட்டம் வந்ததோ? ஒரு பச்சைச் சட்டைக்காரன் சைக்கிளிலை வந்து இறங்கி, ஐயா, இதுக்கு நோகுது, இப்பிடிக் கிடக்க விடக்கூடாது எண்டு சொன்னானோ? ஒரு கடிதம், ஒரு தண்டம்? இஞ்சை ஒரு கெண்டை மீனுக்குப் பத்துக் கேள்வி எழுதி வைச்சிருக்கிறாங்கள். மீனுக்கு நோகும் எண்டு நான் புள்ளடி போடவேணுமாம். நான்! எனக்குத் தெரியாதே நோகும் எண்டு? எனக்குப் படிப்பிக்கிறாங்கள்!

மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மேசையிலை அடிச்சிட்டன். தேத்தண்ணி ஊத்துப்பட்டுதோ? இந்தாங்கோ, துடையுங்கோ.

இதையெல்லாம் அண்டைக்குத்தான் தவத்துக்குச் சொன்னன். அவ அழேல்லை. எழும்பிப் போய்ச் சோத்தை இறக்கினா. அது அடிப்பிடிச்சுப் போச்சுது. அதைத்தான் ரண்டு பேரும் சாப்பிட்டம்.

அதுக்குப் பிறகு அவ ஆத்துக்குப் போகேல்லை. ஒரு கிழமை, ரண்டு கிழமை. கோலைக் கொண்டுபோய் நிலவறையிலை வைச்சிட்டா. மூண்டாம் கிழமை நான் கேட்டன், என்ன, போகேல்லையோ எண்டு. "மனமில்லை" எண்டா. ஆவணி போச்சுது, புரட்டாதி போச்சுது. சீட்டுக் காலம் முடியப்போகுது. எனக்கு வந்த கோவம் சொல்லி முடியாது. நான் என்னத்துக்குச் சொன்னனான்? நீ நிப்பாட்டுறதுக்கோ? கையிலை லைசென்சை வைச்சுக்கொண்டு ஒரு மனிசி வீட்டிலை குந்திக்கொண்டிருக்கிறதைப் பாக்க, இல்லாதவனுக்கு எப்பிடி இருக்கும்? அந்தப் பத்திரத்துக்கு நான் ரண்டு தரம் தலை குனிஞ்சவன்.

ஐப்பசியிலை ஒரு நாள் நானே நிலவறைக்குப் போய்க் கோலை எடுத்துக்கொண்டு வந்து வாசலிலை வைச்சன். "எழும்பு. வெளிக்கிடு" எண்டன். ஆச்சரியமா என்னைப் பாத்தா, ஆனால் வெளிக்கிட்டா.

அண்டைக்குக் குளிர். ஆத்திலை ஒரு சனம் இல்லை. அதே சரிஞ்ச மரத்தடி. நான் சொன்ன இடத்திலை போட்டா. கன நேரம் ஒண்டும் இல்லை. பிறகு இழுத்துது பாருங்கோ, கோல் வில்லாப் போச்சுது. முன்னையதிலும் பெரிசு. கரைக்குக் கொண்டு வந்தா, துணியை விரிச்சா, மீனை வைச்சா, பொல்லை எடுத்தா. கை மேலை போச்சுது.

இறங்கேல்லை.

பொல்லை மேலை பிடிச்சுக்கொண்டு அந்த மீனைப் பாத்துக்கொண்டே இருக்கிறா. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுது. அவவின்ரை கண்ணாலை தண்ணி ஓடுது. "ஏலாதப்பா. எனக்கு உங்கடை அண்ணை தெரியிறார்" எண்டா.

லைசென்ஸ் இல்லாதவன் மீனைக் கொல்லவும் கூடாது, அதுவும் புத்தகத்திலை இருக்கு. அதாலைதான் நான் பொல்லை வாங்கேல்லை. சட்டம் எண்டால் சட்டம். ஒருக்கால் தண்டம் கட்டினவன் நான். ஓம், ஆத்திலை ஒரு சனமும் இல்லைத்தான். பச்சைச் சட்டைக்காரனும் இல்லை. எண்டாலும் வாங்கேல்லை.

ஆனால் என்ரை வாயை நிப்பாட்ட ஏலேல்லை. "அடி!" எண்டு கத்தினன். "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய், அடி! அதுக்கு நோகுதெல்லோ! கெதியா அடி! கிடக்க விடாதை, தவம், அதைக் கிடக்க விடாதை!"

அடிச்சா. ஒரே அடி.

பிறகு கத்தியாலை செய்ய வேண்டியதையும் செய்தா. நான் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், முதுகு பிடிச்சிட்டுது, குளிர் நாளிலை அப்பிடி வாறது. அவ எழும்பி வந்து பக்கத்திலை நிண்டா.

அந்த மாரியிலைதான் அவ படிப்பிக்கத் தொடங்கினது. முதல் ஒருத்தன் வந்தான், பிறகு அவன்ரை மச்சான், அப்பிடியே ஆறு பேர். நீங்கள் ஏழாவது. சனிக்கிழமை ரண்டு மணிக்கு இந்த மேசையிலைதான் வகுப்பு. புத்தகம் கொண்டு வரத் தேவையில்லை, அவவிட்டை இருக்கு. மீன் பேருகள் தமிழிலை பிழையாச் சொல்லுவா, நான் குசினியாலை திருத்துவன், அதுக்குக் குறை நினைக்காதையுங்கோ. தண்ணியைப் பத்தின கேள்வியளுக்கு என்னட்டைக் கேளுங்கோ. கேப்பியளோ? கேளுங்கோ.

நான் திரும்பச் சோதினைக்குப் போவனோ எண்டு கேக்க நினைக்கிறியள், முகத்திலை தெரியுது. பிறிங்மன் ஒரு கடிதம் போட்டிருக்கிறார், பங்குனியிலை இருக்காம். தவம் அதைப் பத்தி ஒரு சொல்லும் கதைக்கிறதில்லை. கதைச்சாலாவது ரண்டு பேச்சுப் பேசலாம், கதைக்கிறாவும் இல்லை. அது அதைவிடக் கோவம்.

ஒண்டு மட்டும் சொல்லி வைக்கிறன். அஞ்சாம் கிழமை அந்தப் பாடம் வரும், சட்டமும் மற்றதும். அவ கேள்வியை வாசிப்பா, நீங்கள் மூண்டு பெட்டியையும் பாத்து யோசிப்பியள். அந்த நேரம் நான் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியிலை போய் நிப்பன். என்னைத் திரும்பிப் பாக்கக்கூடாது. எது சரி எண்டு என்னட்டைக் கேக்கவும் கூடாது. எனக்குத் தெரியும். கேக்கக்கூடாது.